பத்தாயிரம் மணி நேரமும் சரளி வரிசையும்

பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் வல்லுநராகலாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க இயலவில்லை. பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் தம் சகாக்களுடன் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியே பயின்ற நேரத்தின் தோராயமான சராசரிதான் அந்த எண்; அவர் வலியுறுத்தியதோ பிழையைக் கண்டறிந்து திருத்திக்கொள்ளும் பயிற்சியை. கர்நாடக இசையில் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த தொடக்கச் சுரப் பயிற்சியான சரளி வரிசையை மூன்று காலங்களில், அதாவது படிப்படியாகக் கூடும் மூன்று வேகங்களில், பாட வைப்பதும் இதற்காகத்தான் என்பேன். முதல் காலத்தில் ஒவ்வொரு சுரத்தையும் தம்புராவின் சுருதியோடு ஒப்பிட்டுக் கேட்க அவகாசம் இருப்பதால், இரண்டாம் சுரமான ரிஷபம் சற்றே ஏறி நிற்பது பாடுபவருக்கே புலப்படும். மூன்றாம் காலத்துக்கு அவசரமாகத் தாவும் பிள்ளைகளிடம் (பெற்றோரின் அவசரமும் இதில் சேர்ந்துகொள்கிறது) அந்தப் பிசகு குரலிலேயே படிந்துவிடுகிறது.