குழுவில் விவசாயிக்கும் இடம் வேண்டும்

இயற்கை விவசாயத்தைப் பரப்பும் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை விளக்கியது நல்ல விஷயம். கணக்குத் தணிக்கையாளர், வழக்கறிஞர், மண்ணியல் படித்தவர் எல்லாரும் தேவைதான். ஆனால் ரசாயனத்தை விட்டு மாறும் அந்த இரண்டு மூன்று வருடம் இருக்கிறதே, விளைச்சல் குறையும், இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழும் கைக்கு வராது, அதனால் கூடுதல் விலையும் கிடைக்காது. அதைத் தாங்கிக் கடந்த ஒருவர் குழுவில் இருந்தால்தான் உதவித்தொகை எப்போது போய்ச் சேர வேண்டும் என்பது புரியும். 1972இல் தொடங்கிய, இயற்கை விவசாய அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோமின் (IFOAM) நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற அமைப்புகளும் சிறு விவசாயிகளுக்கு வாக்குரிமையோடு இரண்டு இடமாவது ஒதுக்கட்டும். அப்புறம், நடவு, அறுவடை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்.