பெர்சோனா 5 ராயல்: சண்டையை விட காலண்டர் முக்கியமான ஒரு கேம்

இதுவரை நான் விளையாடியதெல்லாம் துப்பாக்கிச் சண்டை, ஃபுட்பால், கார் ரேஸ். ஜப்பானிய ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் கேம்) என்றால் ஆளை விடப் பெரிய வாள், நூறு மணி நேரக் கதை என்ற அளவில்தான் தெரியும். நண்பர் ஒருவர் விடாமல் சொல்லிச் சொல்லி 'பெர்சோனா 5 ராயல்' ஆரம்பித்தேன். இன்னும் முடிக்கவில்லை, கதைக்குள் இப்போது செப்டம்பர் மாதம். ஆனால் எந்த கேமும் என்னை இந்த அளவுக்கு யோசிக்க வைத்ததில்லை, அதனால் இந்த நீண்ட பதிவு. முதல் அத்தியாயத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் யாருடைய சுவாரசியத்தையும் கெடுக்க மாட்டேன்.

கதை இதுதான். இரவில் தெருவில் ஒரு பெண்ணிடம் குடித்துவிட்டு வம்பு செய்யும் ஆளைப் பள்ளி மாணவன் ஒருவன் தடுக்கிறான். அந்த ஆள் பெரிய செல்வாக்கு உள்ளவர். கீழே விழுந்து அடிபட்டதும், தன்னை இந்தப் பையன் தாக்கினான் என்று வழக்காக்கிவிடுகிறார். காப்பாற்றப்பட்ட பெண்ணையே மிரட்டிச் சாட்சி சொல்ல வைக்கிறார். பையனைப் பள்ளியிலிருந்து நீக்குகிறார்கள். ஒரு வருடம் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்று தோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். ஒரு சின்ன காபிக் கடையின் மாடியில், தூசி படிந்த பரணில் படுக்கை. புதுப் பள்ளியில் கால் வைப்பதற்குள் 'குற்றவாளி' என்ற பேச்சு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பள்ளியில் கமோஷிதா என்று ஒரு வாலிபால் பயிற்சியாளர். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். மாணவர்களை அடிக்கிறார், மாணவிகளிடம் அத்துமீறுகிறார். தலைமை ஆசிரியருக்குத் தெரியும். பெற்றோர்களுக்கும் ஓரளவு தெரியும். அடிபட்ட மாணவர்களே "நாங்கள் பயிற்சியில் விழுந்தோம்" என்று சொல்கிறார்கள். பதக்கம் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தருகிறது, அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஷிஹோ என்ற மாணவி தாங்க முடியாமல் மொட்டைமாடியிலிருந்து குதிக்கிறாள். அவள் பிழைத்துக்கொள்கிறாள். ஆனாலும் அந்தக் காட்சிக்குப் பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். இப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

பேய், டிராகன், உலக அழிவு என்று எதிர்பார்த்து வந்தவருக்கு முதல் வில்லன் ஒரு பள்ளி ஆசிரியர். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கேயோ இருக்கும் அரக்கனை எதிர்த்துக் கத்தியைத் தூக்குவது எளிது. தினமும் வகுப்பு வாசலில் நிற்கிறவரை, ஊரே மதிக்கிறவரை எதிர்ப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் எப்படி வருகிறது என்பதை இந்த கேம் அவசரமில்லாமல் காட்டுகிறது. முதல் சில மணி நேரம் கதை பார்ப்பதும் படிப்பதும்தான், விளையாட அதிகம் இருக்காது. பொறுமை வேண்டும். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

கமோஷிதாவின் மனதுக்குள்ளேயே போய்ச் சண்டை போடுகிறோம். அங்கே பள்ளி ஒரு கோட்டை, அவர் ராஜா, மாணவர்கள் அடிமைகள். அவருடைய உள்மன ஆசையின் மையப்பொருளைத் திருடிவிட்டால், நிஜத்தில் அவரே மனம் திருந்திக் குற்றத்தை ஒப்புக்கொள்வார் என்பது கேமின் விதி. உளவியலாளர் கார்ல் யுங் பேசிய முகமூடி, நிழல் ஆகிய கருத்துகளிலிருந்து எடுத்த கற்பனை. நம் பக்கத்து ஆள் ஒவ்வொருவரும் தாங்க முடியாத ஒரு கட்டத்தில் முகத்தோடு ஒட்டிய முகமூடியை ரத்தம் வழியப் பிய்த்து எறியும்போதுதான் அவர்களுக்குள் இருக்கும் சக்தி வெளியே வருகிறது. ஷிஹோவின் தோழி ஆன் அப்படிப் பிய்த்து எறியும் காட்சியை இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன்.

சண்டை 'டர்ன் பேஸ்டு', அதாவது நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை. துப்பாக்கி கேம்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது மந்தமாக இருக்கும் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பலவீனம்: நெருப்பு, பனி, மின்சாரம், காற்று என்று. சரியான இடத்தில் அடித்தால் அவன் விழுவான், நமக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அந்த வாய்ப்பை நண்பனின் கையில் தட்டி அவனுக்கே கொடுத்துவிடலாம், அவன் அடி இன்னும் பலமாக விழும். எல்லா எதிரிகளும் விழுந்ததும் சுற்றி வளைத்துத் துப்பாக்கியை நீட்டிப் பேரம் பேசலாம்: பணம் கொடு, பொருள் கொடு, இல்லையென்றால் எங்களோடு சேர். யோசிக்க நேரம் இருக்கிறது, ஆனால் யோசிக்காமல் அடித்தால் சாதாரண எதிரியிடமே தோற்போம். ஒரே ஒரு குறை: நாயகன் விழுந்தால் மற்ற மூவரும் உயிரோடு இருந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். மருந்து வைத்திருக்கும் நண்பர்கள் பக்கத்திலேயே நிற்கும்போது இது நியாயமாகப் படவில்லை.

சரி, தலைப்பில் சொன்ன காலண்டருக்கு வருகிறேன்.

ஏப்ரலில் தொடங்கி நாள் நாளாக நகர்கிறது கதை. பள்ளி முடிந்ததும் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, அவ்வளவுதான். படிக்கலாம், பொதுக் குளியலறைக்குப் போகலாம், பர்கர் கடையில் சவால் சாப்பாடு சாப்பிடலாம், பகுதிநேர வேலை பார்க்கலாம், யாராவது ஒருவரைச் சந்திக்கலாம். காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் புத்தகம் வாசிக்கலாம். மழை நாளில் படித்தால் கூடுதல் பலன். இந்த ஏற்பாடு 2006ல் வந்த மூன்றாவது பெர்சோனாவிலிருந்து தொடர்கிறது. கமோஷிதாவை வெல்லவும் ஒரு கெடு தேதி உண்டு. போன மாலை திரும்ப வராது.

அந்த மாலைகளில் நாம் சந்திக்கிறவர்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷன் வாசலில் ஞாயிறு இரவில் மைக் பிடித்துப் பேசும் யோஷிதா என்று ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் மக்கள் பிரதிநிதி. பெயர் கெட்டுப்போய், தேர்தலுக்குத் தேர்தல் தோற்றுக்கொண்டே இருப்பவர். நின்று கேட்பதற்கு ஆளில்லை. பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்துவிட்டுப் போகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்தால் பேசும் கலையைச் சொல்லித் தருகிறார், அது எதிரிகளோடு பேரம் பேசும்போது கைகொடுக்கிறது. ஊரார் சந்தேகமாகப் பார்க்கும் டாக்டர் தகேமியின் கிளினிக்குக்குத் தொடர்ந்து போனால் நல்ல மருந்துகள் கிடைக்கின்றன. காபிக் கடைக்காரர் சோஜிரோ முதல் நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பழகப் பழக காபி போடவும் ஜப்பானிய 'கர்ரி' குழம்பு சமைக்கவும் கற்றுக்கொடுப்பார், அந்தக் குழம்புதான் கோட்டைக்குள் களைத்து நிற்கும்போது தெம்பு தருகிறது.

அதாவது, யாருக்கு நேரம் கொடுத்தோமோ அவர்களிடமிருந்துதான் சண்டைக்கான பலம் வருகிறது. கமோஷிதாவின் பள்ளியில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தும் ஷிஹோ சொல்வதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. அதற்கு நேர் எதிரான வாழ்க்கையை நம் கையில் கொடுத்து வாழச் சொல்கிறது இந்த கேம். கதை சொல்லும் கருத்தும் விளையாட்டின் விதியும் ஒன்றாகவே இருக்கின்றன. நான் ஆடிய வேறு எந்த கேமிலும் இதைப் பார்த்ததில்லை. யோஷிதாவின் பேச்சைக் கேட்டு முடித்த இரவு, அடுத்த பலம் கிடைத்த சந்தோஷத்தை விட அந்த மனிதர் நிமிர்ந்து நின்றதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஷிஹோவின் தோழி ஆன் என்பவளைக் கண்ணாலேயே அளந்த கமோஷிதாவை அவ்வளவு ஆவேசமாகக் கண்டித்த அதே கேம், அடுத்த அத்தியாயத்திலேயே அவளை ஓர் ஓவியனுக்கு முன் ஆடையில்லாமல் மாடலாக நிற்கச் சொல்லி நண்பர்களே வற்புறுத்துவதைச் சிரிப்புக் காட்சியாக வைக்கிறது. கேமராவும் அவளைப் பல இடங்களில் அப்படித்தான் பார்க்கிறது. "ஜப்பானிய கேம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. ஷிஹோவின் கதையை அவ்வளவு பொறுப்போடு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இவ்வளவு பிடித்த ஒரு படைப்பில் இருப்பதால்தான் இது கூடுதலாக வலிக்கிறது.

தமிழ் வாசகர்களுக்காக இன்னொன்று. இதில் நாம் திரட்டும் சக்திகளுக்கு உலகப் புராணங்களின் பெயர்கள். விநாயகர், லட்சுமி, காளி, பார்வதி, சிவன், விஷ்ணு எல்லோரும் உண்டு. இரண்டு சக்திகளை இணைத்துப் புதிய ஒன்றை உருவாக்கலாம். சிவனையும் பார்வதியையும் இணைத்தால் 'அர்தா' வரும் என்று நண்பர் காட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, திருச்செங்கோட்டு மலையில் இருக்கும் அர்த்தநாரீசுவரர்தான். எங்கோ தோக்கியோவில் உட்கார்ந்து ஒருவர் இந்த இணைப்பைச் சரியாகப் படித்துவிட்டு விதியாக வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் இணைக்கும் சடங்கு நடப்பது கில்லட்டினில், அதாவது தலை வெட்டும் கருவியில், தலையை வைத்து. பக்தி உள்ளவர்கள் சிலருக்கு அது மனதை உறுத்தலாம்.

மொழியும் ஒரு தடை. நூறு மணி நேரத்துக்கு மேல் போகும் கதை, அதில் பெரும்பகுதி வாசிப்பு. தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில்தான் நாம் வாசிக்க வேண்டும். பள்ளியில் தனக்கு நடப்பதைச் சொல்ல வாயில்லாமல் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதல் அத்தியாயம் தாய்மொழியில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு கேமுக்கு அந்த வலிமை உண்டு என்று இப்போது முழுமையாக நம்புகிறேன்.

இசையைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். ஷோஜி மெகுரோவின் ஜாஸ், லின் என்ற பாடகியின் குரல். இரவில் காபிக் கடைக்குத் திரும்பும்போது ஒலிக்கும் பாட்டுக்காகவே எதுவும் செய்யாமல் சும்மா நின்றிருக்கிறேன். மெனு திரைகளின் சிவப்பும் கறுப்பும் கிழித்து ஒட்டிய எழுத்துகளும் அப்படியொரு அழகு.

தொடங்க நினைப்பவர்களுக்கு: மூல வடிவம் ஜப்பானில் 2016ல் வந்தது, கூடுதல் கதை சேர்த்த ராயல் அங்கே 2019ல் வந்தது. ராயலையே வாங்குங்கள். முந்தைய பெர்சோனாக்களை ஆடியிருக்க வேண்டியதில்லை, கதை தனிக் கதை. 2022லிருந்து கணினியிலும் கிடைக்கிறது. அப்புறம், கமோஷிதா விவகாரத்துக்குப் பிறகு மாணவர்களின் மனநலத்துக்காகப் பள்ளிக்கு மருகி என்று ஓர் ஆலோசகர் வருவார். அவரோடு பழகி நவம்பர் 18க்குள் நட்பின் ஒன்பதாம் படியை எட்டாவிட்டால் ராயலுக்கென்று எழுதிய கடைசிப் பகுதியே திறக்காது என்று நண்பர் எச்சரித்திருக்கிறார். என் ஆட்டத்தில் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அவர் அறைக்கு விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். முடித்தவர்கள் கமென்ட்டில் கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.