90 மீட்டருக்கே என் மனைவி கையை விடவில்லை

வேல்ஸில் உள்ள ‘பிக் பிட்’ நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம் பற்றிய கட்டுரை நன்று. மகன் கார்டிஃபில் இருப்பதால் நாங்களும் போய் வந்தோம். 1980-ல் மூடிய சுரங்கத்தை 1983-லேயே பார்வைக்குத் திறந்துவிட்டார்கள்.

இறங்கும் முன் செல்போன், வாட்ச் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேட்டரி உள்ள எதுவும் கூடாதாம், வாயு தீப்பிடிக்கும் அபாயம். கூட்டிப்போனவர் பழைய சுரங்கத் தொழிலாளி. 90 மீட்டர் கீழே போனதும் தலைவிளக்குகளை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு நேரே நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஊர் குடியாத்தம். தாத்தா கோலார் தங்கவயல்காரர், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி. அது 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையே கொதிக்கும். பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும் என்பார் பாட்டி. சுரங்கத்தில் தாத்தாவுக்குக் கொடுத்த பித்தளை அடையாள டோக்கன் இன்னும் எங்கள் அரிசி டப்பாவில் கிடக்கிறது, நம்பர் பாதி தேய்ந்து.

2001 பிப்ரவரி 28-ல் அதை மூடினார்கள். பங்காருப்பேட்டையில் மாறி மாரிக்குப்பம் ரயிலில் போனேன். கண்ணில் பட்டது தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுதான். வட ஆற்காட்டுக்காரர்கள் எத்தனை பேர் இறங்கிய குழி! அந்த டோக்கனைக் கொடுக்க நான் தயார், வாங்கி வைக்க அங்கேயும் ஓர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி வரட்டும்.