உபுண்டு தன்பாலின உறவுக்கு எதிரானதா?

"சமூகமே முதன்மை என்னும் ஆப்பிரிக்க உபுண்டு தத்துவம் தன்பாலின உறவை ஏற்காது, அதை ஆதரிப்பது மேற்கத்திய இறக்குமதி" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

வம்சம் தழைப்பது சமூகக் கடமை என்பதால் அந்த உறவை மறுக்கும் ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்கள் உண்டு, சரி. ஆனால் அது ஒரு தரப்பு மட்டுமே. சமூகம் எந்த அளவுக்கு முதன்மை என்பதிலேயே விவாதம் உண்டு. தனிமனிதரைச் சமூகமே உருவாக்குகிறது என்று 1984இல் நைஜீரியத் தத்துவவாதி மென்கிட்டி எழுதினார். கானாவின் தத்துவவாதி குவாமே ஜெக்யே அதை மறுத்து, சமூகத்துக்குள்ளும் தனிமனித உரிமைக்கு இடமுண்டு என்று வாதிட்டார். பதிவு எழுதியவர் இந்த விவாதத்தின் பக்கமே போகவில்லை போலும்!

உபுண்டுவை உலகறியச் செய்த தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, தன்பாலின ஈர்ப்பாளர்களை வெறுக்கும் சொர்க்கம் தனக்கு வேண்டாம் என்று 2013இல் சொன்னார். பாலின ஈர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டுவதை உலகில் முதலில் தடைசெய்த அரசியலமைப்பும் தென்னாப்பிரிக்காவுடையதே. 2006இல் அங்கே தன்பாலினத் திருமணமும் சட்டமானது.

அப்புறம், அந்த 'இறக்குமதி'. உண்மையில் இறக்குமதியானது தண்டனைச் சட்டம்தான். கென்யா, உகாண்டா தண்டனைச் சட்டங்களில் உள்ள 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவு என்ற குற்றம் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்தது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாக நுழைந்ததும் அதே வாசகம்தான்.