டுராண்ட் வராததில் எனக்கு வருத்தமில்லை

2025 ஜூன் மாதத்திலிருந்து என் கல்லூரி நண்பனோடு ஒரே சண்டை. இருவரும் அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ரசிகர்கள். கூடைப்பந்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வருவதே அபூர்வம். ஆனால் அந்த ஆஃப் சீசனில் (இரண்டு சீசன்களுக்கு நடுவிலான இடைவெளியில்) ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்தால் அதே பேச்சு. "மச்சான், விக்டர் வெம்பன்யாமா மாதிரி ஒருத்தன் கையில இருக்கும்போது எதுக்குடா பத்தொன்பது வயசுப் பையனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும்? டுராண்ட்டை வாங்கியிருந்தா அடுத்த வருஷமே ஃபைனல்ஸ்டா."

வெம்பன்யாமா எங்கள் அணியின் இளம் நட்சத்திரம். பத்தொன்பது வயசுப் பையன் எங்கள் புது ஆள் டிலன் ஹார்ப்பர். கெவின் டுராண்ட் வேறு அணியில் இருந்த மூத்த நட்சத்திரம். அவன் மட்டும் இப்படிப் பேசவில்லை. ஸ்பர்ஸ் ரசிகர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். என் பதிலை ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கதையைத் தெரியாதவர்களுக்கு முன்கதை கொஞ்சம். 2024-25 சீசனில் ஸ்பர்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி. பிப்ரவரியில் வெம்பன்யாமாவின் வலது தோளில் இரத்தக் கட்டி இருப்பது தெரிந்து, 46 ஆட்டங்களோடு அவர் சீசன் முடிந்தது. நவம்பரில் பக்கவாதம் வந்து ஒதுங்கியிருந்த கோச் கிரெக் பாப்போவிச், 29 சீசன்களுக்குப் பிறகு மே மாதம் விலகினார். அதுவரை இடைக்காலமாகப் பார்த்துக்கொண்ட மிட்ச் ஜான்சன் நிரந்தரக் கோச் ஆனார். அடுத்த சில நாட்களில் டிராஃப்ட் லாட்டரி, அதாவது புது ஆட்டக்காரர்களை எந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதற்கான குலுக்கல். எட்டாவது இடத்தில் இருந்த நாங்கள் இரண்டாம் இடத்துக்கு வந்தோம். வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு போன டாலஸுக்கு முதலிடம். தங்கள் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டு ரசிகர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டிருந்த அணிக்கு கூப்பர் ஃபிளாக்! எங்களுக்கு டிலன் ஹார்ப்பர்.

டிராஃப்ட்டுக்கு மூன்று நாள் முன்னால், ஃபைனல்ஸின் (கோப்பைக்கான இறுதித் தொடரின்) ஏழாவது ஆட்டம் நடக்கவிருந்த அன்றே, கெவின் டுராண்ட் ஃபீனிக்ஸிலிருந்து ஹூஸ்டனுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. அவர் போக விரும்பிய அணிகளில் ஸ்பர்ஸும் ஒன்று என்று அதற்கு முன்பே பேச்சு. நண்பனின் ஆத்திரம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், டிராஃப்ட்டில் பத்தாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை (பிக்), கொஞ்சம் இரண்டாம் சுற்றுப் பிக்குகள். ஹூஸ்டன் கொடுத்த விலை இவ்வளவுதான். "இந்த விலைக்கா விட்டாங்க? ஹார்ப்பரைத் தராமலே முடிச்சிருக்கலாமே!" என்று கேட்டான். அவன் சொன்னதிலேயே வலுவான வாதம் இதுதான். சும்மா ஒதுக்கிவிட முடியாது.

அவனுடைய இரண்டாவது வாதமும் லேசுப்பட்டதல்ல. டியாரன் ஃபாக்ஸ், ஸ்டெஃபன் காஸில், இப்போது ஹார்ப்பர். மூன்று பேரும் பந்தைக் கையில் வைத்து ஆடுகிற கார்டுகள். மூன்று பேருக்கும் தூரத்திலிருந்து எறிவது பலமில்லை. காஸில் 2024-25ன் சிறந்த ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரர்), ஆனால் அவர் எறிந்த த்ரீக்களில் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகளில்) நூற்றுக்கு 29 கூட உள்ளே போகவில்லை. ஹார்ப்பர் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியில் மூன்றுக்கு ஒன்று போட்டார். எதிரணி எல்லோரும் உள்ளே குவிந்துவிட்டால் வெம்பன்யாமாவுக்கு எங்கே இடம்? இதற்கு நடுவில் ஃபாக்ஸுக்கு நான்கு வருடம், 22.9 கோடி டாலர் என்று 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. "மூணு பேர், ஒரு பந்து" என்று நண்பன் சொல்லும்போது என்னிடம் முழுப் பதில் இல்லை. எறியும் திறன் வளரவில்லை என்றால் இந்த மூவரில் ஒருவர் என்றாவது போகத்தான் வேண்டும். எனக்குத் தெரியும்.

ஆனால் அது 2025லேயே நடக்க வேண்டும் என்று ஏன் குதித்தோம்? மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் பெயர் அடிபட்டால் போதும், ஹார்ப்பரைத் தூக்கிக் கொடு என்றார்கள். பையன் அப்போது ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

என் பிடிவாதத்துக்குக் காரணம் 2013. அப்போது நான் வேலைக்காக சான் அன்டோனியோவில் இருந்தேன். ஜூன் 18ஆம் தேதி இரவு, மியாமியில் ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம். அரை நிமிடம்கூட மீதமில்லை, நாங்கள் ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பை தரும் சடங்குக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். டிவியில் பார்த்தோம். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 5.2 நொடி இருக்கும்போது ரே ஆலன் மூலையிலிருந்து அந்த த்ரீயைப் போட்டார். ஓவர்டைமில் 103-100. அந்தக் கட்டடமே அடங்கிப் போனது. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் போனது. கடைசி நிமிடத்தில் எங்கள் மூத்த நட்சத்திரம் டிம் டங்கன் கூடைக்குப் பக்கத்திலிருந்து தவறவிட்டு, திரும்பி ஓடித் தரையை அறைந்ததை இன்றும் என்னால் பார்க்க முடிவதில்லை.

அந்தக் கோடையில் ஊர் முழுக்க என்ன பேச்சு தெரியுமா? டங்கனுக்கு 37 வயது, முடிந்தது. மானு ஜினோபிலி ஆறாவது ஆட்டத்தில் எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார், அவரைப் போக விடுங்கள். யாராவது பெரிய ஆளைக் கொண்டு வாருங்கள். நானும் அப்படித்தான் பேசினேன். ஸ்பர்ஸ் என்ன செய்தது? ஜினோபிலிக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. டியாகோ ஸ்பிளிட்டரை வைத்துக்கொண்டது. மார்கோ பெலினெல்லியைச் சேர்த்தது. கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு தலைப்புச் செய்திகூட இல்லாத ஆஃப் சீசன் அது.

அடுத்த வருடம் 62 வெற்றி. ஃபைனல்ஸில் அதே மியாமி. 4-1. ஜெயித்த நான்கு ஆட்டங்களையும் 15 புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அந்த அணி பந்தைக் கைமாற்றிய அழகைப் பற்றி இன்றும் கோச்சுகள் பேசுகிறார்கள். ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் யார்? 22 வயது காவாய் லெனர்ட். ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் படகு படகாக ஆட்டக்காரர்கள் கோப்பையோடு வந்தார்கள். கரையில் நெருக்கிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

காவாய் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2011 டிராஃப்ட்டில் 15ஆவது ஆளாக அவரை எடுத்தது இண்டியானா. அன்று இரவே ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து ஸ்பர்ஸ் அவரை வாங்கியது. ஹில்லை ஊரே நேசித்தது, பாப்போவிச்சுக்கு அவர் செல்லப்பிள்ளை. சான் டியேகோ ஸ்டேட்டில் ஆடிய, சரியாக எறியத் தெரியாத ஒரு பையனுக்கா அவர் என்று பலருக்கு வயிறெரிந்தது. அப்போது யாராவது "இந்தப் பையனை வைத்து ஒரு பெரிய ஆளை வாங்கு" என்று சொல்லி, நிர்வாகமும் கேட்டிருந்தால் 2014 கிடையாது. ஹார்ப்பரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

இங்கே நண்பன் உடனே குறுக்கிடுவான். "அதே காவாயை 2018ல டொரோண்டோ வாங்குச்சு, 2019ல கப் அடிச்சுது. அது மட்டும் என்னவாம்?" உண்மைதான். டெமார் டிரோசனைக் கொடுத்து ஒரே ஒரு வருடத்துக்காக வாங்கினார்கள், ஜெயித்தார்கள். மில்வாக்கியும் 2020ல் ஜூரூ ஹாலிடேவை வாங்கி 2021ல் ஜெயித்தது. பெரிய டிரேட் (ஆட்டக்காரர் பரிமாற்றம்) எல்லாமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு அணிகளும் அதற்கு முன் பல வருடம் பிளே ஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) ஆடி, ஒரே ஒரு ஆள் குறை என்ற நிலையில் இருந்தவை. 2025ல் நாங்கள் பிளே ஆஃப் பார்த்தே ஆறு வருடம் ஆகியிருந்தது. 2023-24ல் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்ற அணி இது. அந்தக் கோடையில் வெம்பன்யாமாவுக்கு 21 வயது, காஸிலுக்கு 20, ஹார்ப்பருக்கு 19. டுராண்ட்டுக்குச் செப்டம்பரில் 37.

ஃபீனிக்ஸைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் இதே டுராண்ட்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்றுப் பிக்குகள் என்று அள்ளிக் கொடுத்தார்கள். அந்த வருடம் இரண்டாம் சுற்றோடு வெளியே. 2024ல் முதல் சுற்றிலேயே 4-0 தோல்வி. 2025ல் பிளே ஆஃபே இல்லை. டுராண்ட் மோசமாக ஆடினார் என்று யாரும் சொல்ல முடியாது, அருமையாகவே ஆடினார். அவரைச் சுற்றி நிறுத்த ஆளில்லை, வாங்கப் பணமும் பிக்கும் இல்லை. 2025 ஜூலையில் பிராட்லி பீலை அனுப்பிவைத்த வகையில் அதிலிருந்து ஐந்து வருடம், வருடத்துக்குச் சுமார் 1.9 கோடி டாலர் அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பணக் கணக்கு பழைய மாதிரி இல்லை என்பதை ரசிகர்கள் இன்னும் முழுதாக உணரவில்லை என்று நினைக்கிறேன். லீகும் ஆட்டக்காரர்களும் 2023ல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த 'செகண்ட் ஏப்ரன்' என்ற அணிச் சம்பள வரம்பு 2025-26 சீசனுக்குச் சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டினால் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, வெளியாட்களுக்கான சிறு ஒப்பந்தத் தொகையும் பறிபோகும். 2024ல் கோப்பை வென்ற பாஸ்டனே 2025 கோடையில் ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுடைய நட்சத்திரம் டேட்டமின் காயம் ஒரு காரணம், இந்த வரம்பு இன்னொரு காரணம். 2026ல் வெம்பன்யாமாவின் பெரிய ஒப்பந்தம் வந்து நிற்க இருந்தது. ஃபாக்ஸின் தொகை ஏற்கெனவே இருந்தது. அப்போது வருடத்துக்கு 1.2 கோடி டாலர் அளவில் ஆடும் ஹார்ப்பர், டுராண்ட்டின் சுமார் 5.5 கோடியோடு ஒப்பிட்டால், எவ்வளவு பெரிய ஆசுவாசம்! ரூக்கி ஒப்பந்தம் நான்கு வருடம் ஓடும்.

2025ல் கோப்பை வாங்கிய ஓக்லஹோமாவும் இப்படித்தான் வளர்ந்தது. 2019ல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஒரு கட்டு பிக்குகளையும் வாங்கினார்கள். அந்தப் பிக்குகளில் ஒன்றுதான் 2022ல் 12ஆவதாக வந்த ஜேலன் வில்லியம்ஸ். 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள், என்பிஏ வரலாற்றிலேயே பெரிய தோல்வி அது. அன்று அந்த ஊர் ரசிகர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! மூன்றரை வருடம் கழித்து கோப்பை, அதுவும் 68 வெற்றிகளோடு.

டிராஃப்ட்டில் எடுக்கும் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. 2019ல் ஸ்பர்ஸ் 19ஆவதாக லூகா சமானிச்சை எடுத்தது, 29ஆவதாகக் கெல்டன் ஜான்சனை. முன்னவரை இரண்டு வருடத்தில் விடுவித்தார்கள். பின்னவர் 2025லும் அணியில் இருந்தார். அன்று இரவு யாரால் சரியாகச் சொல்லியிருக்க முடியும்? 2025 ஜூலையில், புது ஆட்டக்காரர்கள் ஆடும் லாஸ் வேகஸ் சம்மர் லீகில் ஃபிளாக் முதல் ஆட்டத்தில் 21 முறை எறிந்து ஐந்துதான் போட்டார். உடனே ஆளுக்கு ஆள் தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் எங்களுக்கு எதிராகவே 31 புள்ளி. அப்போது பதினெட்டு வயதுப் பையன் அவர். இரண்டு நாளில் மாறிப்போகும் தீர்ப்பை எதற்கு எழுத வேண்டும்?

இந்தப் பையன்களை 'அசெட்' (சொத்து) என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை. நிர்வாகிகள் அப்படிப் பேசட்டும், அவர்கள் வேலை அது. ரசிகர்கள் நாம் ஏன் அந்த மொழியில் பேச வேண்டும்? ஹார்ப்பரின் அப்பா ரான் ஹார்ப்பர், புல்ஸிலும் லேக்கர்ஸிலும் ஐந்து கோப்பை வென்றவர். ஆனால் அவருக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, கோச்சாக நின்று வளர்த்தவர் பிலிப்பைன்ஸில் பிறந்த அம்மா. ஜூன் 26 அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து டிராஃப்ட்டைப் பார்த்தேன். அவர் பெயரைக் கூப்பிட்டதும் குடும்பம் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, அதே வாரம் அவரை ஒரு சம்பளக் கணக்கில் தொகையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, 2025-26 சீசனில் நான் என்ன எதிர்பார்த்தேன்? முதல் வருடம் பெஞ்சிலிருந்து வரட்டும். ஃபாக்ஸும் காஸிலும் தொடங்கட்டும். எங்கள் சீசன் 2025 அக்டோபர் 22 அன்று டாலஸில் தொடங்க இருந்தது, எதிரே ஃபிளாக். நமக்கு 23ஆம் தேதி காலை. வெம்பன்யாமா மூச்சு வாங்க உட்காரும் அந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் அதற்கு முந்தைய சீசனில் எங்கள் அணி சரிந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஹார்ப்பர் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, எங்கள் இன்னொரு புது ஆள் கார்ட்டர் பிரையண்ட்டுக்கு மூலையில் ஒரு நல்ல பாஸ் கொடுக்கிறாரா என்று பார்க்கக் காத்திருந்தேன். நண்பனையும் அன்று வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.