வாட்டம் எந்தப் பக்கம் என்று மூன்று முறை கேட்டேன்

"இந்தத் தடவை மழை கொஞ்சம் ஜாஸ்தி சார்."

காலையிலிருந்து ஒன்பது முறை அழைத்து, பத்தாவது முறை போனை எடுத்து, எங்கள் வீட்டில் கார் ஷெட் போட்ட வெல்டிங்காரர் சொன்ன பதில் இது. ஷெட் போட்டு இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. நேற்று ராத்திரி பெய்த மழையில் கார் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கூரையில் விழுந்த தண்ணீர் அத்தனையும் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு நானும் மனைவியும் பழைய வேட்டி, போர்வை, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அம்மா கட்டிலை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். கேட்டால் மழை ஜாஸ்தியாம்.

மழையை ஏன் இழுக்க வேண்டும்? கூரை 10 அடிக்கு 20 அடி, சுமார் 18.5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 40 மில்லிமீட்டர் பெய்தால் 740 லிட்டர். ஷெட் வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் பரவலாக விழுந்து தரையோடு ஓடி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் படி ஏறியதில்லை. இப்போது அதே மழை, சுவரை ஒட்டி ஒரே கோட்டில் கொட்டுகிறது. ஏனென்றால் கூரையின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வீட்டைப் பார்த்து இருக்கிறது. வெளிப்பக்கம் உயரம், சுவர்ப்பக்கம் தாழ்வு.

நான் கேட்காமல் விட்டிருந்தால் என் தப்பு என்று பேசாமல் இருப்பேன். கேட்டேன். மூன்று முறை கேட்டேன்.

முதல் முறை, அளவெடுக்க வந்த அன்று. டேப் கொண்டுவரவில்லை, என்னுடையதைத்தான் வாங்கினார். நீளம், அகலம் இரண்டையும் ஓர் அட்டையில் குறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். "வாட்டம் எந்தப் பக்கம் வரும்?" என்றேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்." நான் விடவில்லை. வடிகால் பக்கம் கையைக் காட்டி, "தண்ணி அங்கதான் போகணும்" என்றேன். தலையாட்டினார். நன்றாகப் பார்த்தேன், தலையாட்டினார்.

இரண்டாவது முறை, கால் நட குழி தோண்டிய அன்று. கூரைக்குப் போடுகிற பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் குறைந்தது 5 டிகிரி சரிவு வேண்டும் என்று படித்திருந்தேன். கிட்டத்தட்ட அடிக்கு ஒரு இஞ்ச். பத்தடி அகலத்துக்குப் பத்து இஞ்ச் வித்தியாசம். அதனால், "வெளிக்கால் 8 அடின்னா சுவர்க்கால் 8 அடி 10 இஞ்ச் வரணும்ல?" என்று கேட்டேன். "இருபது வருஷமா இதே வேலைதான் சார் பண்றேன்" என்றார். நான் கேட்டது காலின் உயரம். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அனுபவத்தைச் சொல்லி வாயை அடைத்துவிட்டால் அதற்கு மேல் என்ன கேட்பது?

மூன்றாவது முறைதான் எனக்கு வயிறு எரிகிறது. வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டம் முழுக்க வெல்டிங் முடிந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போதே சுவர்ப்பக்கம் இறங்கித் தெரிந்தது. "அண்ணே, அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கே?" என்றேன். "கீழேருந்து பாத்தா அப்படித்தான் சார் தெரியும். ஷீட் ஏறினதும் சரியாயிடும்." ஷீட் எப்படி அய்யா சரி செய்யும்? சட்டம் எப்படிப் படுத்திருக்கிறதோ அப்படித்தானே ஷீட்டும் படுக்கும்? "டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாத்துடுங்க, எனக்காக ஒரு தடவை" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, "இதுதான் சார் மட்டம்" என்றார். பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான்.

அங்கேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முக்கால்வாசிப் பணம் கொடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் சண்டை போட்டால் பாதி ஷெட்டோடு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயம். வீட்டில் ஆள் விட்டு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் பயம் தெரியும்.

இன்று போனில் விடாமல் கேட்ட பிறகு உண்மை வந்தது. "சன்ஷேட் இடிச்சுது சார், அதான் அந்தப் பக்கம் இறக்கினோம்." அப்படியென்றால் தெரிந்தேதான் செய்திருக்கிறார்! கண்ணுக்கு அப்படித் தெரியும் என்று சொன்ன அன்றே அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு போன் பண்ணி, "சன்ஷேட் இடிக்குது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் போதும். சுவர்க்காலை 8 அடியாக்கி வெளிக்காலை 7 அடி 2 இஞ்சுக்கு இறக்கியிருக்கலாம். என் கார் 5 அடி உயரம்கூட இல்லை, தாராளமாக நுழைந்திருக்கும். நாலு காலை அறுத்தால் முடிகிற விஷயம். அறுக்க வேண்டுமே என்று வாட்டத்தையே திருப்பிவிட்டு, என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்கு அவர் சொல்கிற வழி: கூரை ஓரத்தில் தகரக் கால்வாய் அடித்து பைப் இறக்கிவிடலாம், சுவர் இடுக்கில் சிலிகான் அடித்துவிடலாம். "அது தனியா ஆகும் சார்." அவர் செய்த தப்பை மறைக்க நான் பணம் கொடுக்க வேண்டும்! எனக்குக் கை நடுங்கியது.

மற்றதெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. ஷீட்டில் வெயிலைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கம்தான், அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். எது மேல் பக்கம் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் படலத்தில்தான் போட்டிருக்கும். ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் உரித்துப் போட்டுவிட்டார்கள். 3 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும், அதற்காகத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். இங்கே ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கியிருக்கிறார்கள். வெயில் ஏறினால் டப் டப் என்று சத்தம், அம்மா மத்தியானம் தூங்குவதில்லை. வெல்டிங் அடித்த இடத்தில் பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். தேய்த்துவிட்டுத் துத்தநாக பிரைமர் அடிக்காமல் வெள்ளி பெயின்டைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போதே மூட்டு மூட்டாகத் துரு இறங்குகிறது.

நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். வரட்டும். கால்வாய் வேண்டாம், சிலிகான் வேண்டாம். சட்டத்தை இறக்கிக் காலை அறுத்து வாட்டத்தைத் திருப்பித் தரட்டும், மிச்சப் பணம் அதற்கப்புறம்தான்.

அப்புறம் அந்த டேப். அளவெடுக்கிறேன் என்று வாங்கிப் போனது இன்னும் திரும்பி வரவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு வரட்டும். இந்தத் தடவை நானே பிடித்து அளப்பேன்.