பத்து நாளில் புதுக் கண்ணா?

அந்தக் கண் சொட்டுமருந்து வீடியோவின் லிங்க்கை இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்பாதீர்கள். பார்த்தாச்சு, முழுசாக. "விழித்திரை செல் பத்து நாளில் புதுசாயிடும், இந்தச் சொட்டு கழிவை வெளியேத்தும், கண்ணாடியைத் தூக்கிப் போடுங்க." கீழே வரிசையாகக் கும்பிடு போடும் எமோஜி.

எரிச்சல் என்னவென்றால், பத்து நாள் கணக்கு எங்கிருந்தோ முளைத்த பொய் இல்லை. 1967இல் ரிச்சர்ட் யங் என்ற ஆய்வாளர் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை எலி, தவளைகளுக்குச் செலுத்தி, அது விழித்திரையில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்தான் கோல் செல். அதன் வெளிமுனையில் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் அடுக்காக இருக்கும். வெளிச்சத்தைப் பிடிக்கும் ரோடாப்சின் என்ற புரதம் இருப்பது அவற்றில்தான். அடியில் புதுத் தட்டு சேரும், நுனியில் பழையது கழலும். எலியில் அடியிலிருந்து நுனிக்கு வர ஏறக்குறைய பத்து நாள். ஆக, புதுசாவது தட்டு. செல் அல்ல. நகம் வளர்கிறது என்பதற்காக, துண்டான விரல் முளைத்துவிடுமா? மனிதக் கண்ணில் செத்த கோல் செல் செத்ததுதான். வரிக்குதிரை மீனுக்குத் திரும்ப முளைக்கும். வீடியோக்காரர் மீன்களுக்காகப் பேசியிருந்தால் என் மன்னிப்பு.

சரி, கழிவு. கழன்ற நுனியை விழுங்குவது விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் நிறமிச் செல் படலம். எலியில் இது விடிந்து வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் மும்முரமாக நடக்கும். இது 1976இல் லவெயில் என்ற ஆய்வாளர் காட்டியது. கழலும் நுனியின் மேற்பரப்பில் பாஸ்ஃபட்டிடைல்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறு வெளிப்படும். அதை அடையாளம் வைத்து, மெர்டிகே என்ற ஏற்பி வழியாக நிறமிச் செல் உள்ளே இழுத்து, தன் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்கும். மெர்டிகே மரபணு பழுதானால் குப்பை தேங்கி, கோல் செல்களே அழியும். பிறவியிலேயே இந்தப் பழுதுள்ள ஆர்சிஎஸ் என்ற ஆய்வக எலிகளுக்கு நேர்வது அதுதான். அதே மரபணுப் பழுது மனிதரிலும் பார்வையைப் பறிக்கும் என்று 2000இல் தெரிந்தது. செரிக்காத மிச்சம் லிப்போஃபுஸ்சினாக வயதோடு சேரும். நிறமிச் செல்களோ நம் வயதில் சாதாரணமாகப் பிரிந்து பெருகுவதில்லை, இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இதில் சொட்டு எங்கே வருகிறது? கண்ணில் விடும் மருந்தில் விழித்திரை வரை போவது மிகச் சொற்பம். கண்ணாடியோ பெரும்பாலும் கண்ணின் நீளம், கருவிழி வளைவு, லென்ஸ் சம்பந்தப்பட்டது. தட்டு மாறினால் பவர் குறையாது.

இதைச் சொன்னால் என்னென்ன பதில் வரும் என்றும் தெரியும். "பாரம்பரியத்தை இழிவுபடுத்துறீங்க." இல்லை. லேபிள் கூட இல்லாத பாட்டிலைக் கேள்வி கேட்கிறேன்.

"இங்கிலீஷ் டாக்டர்கள் மட்டும் மாத்திரை எழுதலையா?" எழுதுகிறார்கள், நியாயமான கேள்வி. 2013இல் வந்த ஏரெட்ஸ் 2 என்ற கண் ஆய்வின் மாத்திரைக் கலவை: வைட்டமின் சி, ஈ, லூட்டின், சியாசாந்தின் என்ற நிறமிகள், துத்தநாகம், தாமிரம். விழித்திரையின் நடுப்பகுதி வயதோடு கெடும் மாகுலா சிதைவு இடைநிலையில் இருந்தாலோ, ஒரு கண்ணில் முற்றியிருந்தாலோதான் பயன். முற்றுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. போனதைத் தராது, குப்பையையும் அள்ளாது. அதைக்கூட "சுத்திகரிப்பு" என்று விற்றால் இதே கோபம்தான் வரும்.

"நம்பிக்கையைக் கெடுக்காதீங்க." இதற்குத்தான் வலிக்கிறது. விழித்திரை செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ள பையனின் அம்மா, அந்தச் சொட்டுக்குப் பணம் கட்டிய பிறகு வந்து கேட்கிறார், எத்தனை பத்து நாள் ஆகும் என்று. அவரிடம் நான் என்ன சொல்ல? பார்வைக்குத் தேவையான ஆர்பிஇ65 என்ற மரபணுவின் இரு பிரதியும் பழுதானவர்களுக்கு 2017இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை அனுமதி பெற்றது. அதற்கும் உயிருள்ள செல்கள் போதுமான அளவு மிச்சம் இருக்க வேண்டும். சொட்டு விட்டுக் காத்திருக்கும் மாதங்களில் குறைவது அந்த மிச்சம்தான். வீடியோவைப் பகிர்ந்த நண்பர்களே, அந்தம்மாவுக்கு நீங்களே பதில் எழுதுங்கள். நம்பரை நான் தரமாட்டேன், கமென்ட்டில் எழுதினால் அவர் படிப்பார்.